சத்தம் நிறுத்திப் பார்த்த பாட்டுப் படங்கள்

லா சப்பலில் என்னோடு வளர்ந்தவர்களே, உங்கள் வீட்டில் கடிதம் வாசித்தது யார்? எங்கள் வீட்டில் நான்தான். எட்டு வயதில் பாரிசுக்கு வந்தேன். பத்து வயதில் தபால் பெட்டியின் திறப்பு என் கழுத்தில் தொங்கியது. கரண்ட் கடிதம், வாடகைக் கடிதம், விசா அலுவலகமான பிரெபெக்சரின் கடிதம், அம்மாவின் இரத்தப் பரிசோதனைக் கடிதம் என்று எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு சொல் விளங்காமல் நான் தடுமாறினால் அவர் முகம் கறுத்துவிடும். அதனால் விளங்காத சொல்லையும் விளங்கியதுபோல் சொல்லப் பழகிக்கொண்டேன். உங்களில் பாதிப் பேர் இதைத்தான் செய்திருப்பீர்கள்.

இந்த வருஷம் எனக்கு முப்பது. தலையில் நரை வந்துவிட்டது, மகள் பாலர் பள்ளிக்குப் போகிறாள். நீண்ட காலம் யாருக்கும் சொல்லாத ஒன்றை இப்போது எழுத முடிகிறது. முதலில் சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லி முடித்துவிட்டேன்.

அது ஊரில் யுத்தம் முடிந்த வருஷம். எனக்குப் பதின்மூன்று வயது. மெத்ரோ மேல்பாலத்தில் ஓடுகிற அந்த நீளத் தெருவில், நாலாம் மாடியில், இரண்டு அறை வீடு எங்களுடையது. மெத்ரோ போகும்போது அலுமாரிக் கண்ணாடி கிணுகிணுக்கும். வாடகைப் பத்திரத்தில் மூன்று பேர் என்று எழுதியிருந்தது: அப்பா, அம்மா, நான். கோடை முடிகிற நேரத்தில் நாலாவது ஆளாகப் பெரியப்பா வந்து சேர்ந்தார். அப்பாவின் ஒரே அண்ணை. அறுபது வயது. மேல்வரிசையில் முன்பற்கள் நான்கு இல்லை. அகதிக் கேஸ் ஒருமுறை றிஜெக்ற் ஆகி, அப்பீலும் றிஜெக்ற் ஆகி, ஒரு மாதத்துக்குள் நாட்டைவிட்டு வெளியேறு என்று கடிதம் வந்திருந்தது. அந்தக் கடிதத்தை அவருக்கு முன்னாலேயே வாசித்துக் காட்டியதும் நான்தான். கேட்டு முடித்துவிட்டு, "வடிவா வாசிக்கிறாய் பிள்ளை," என்றார்.

அந்த ஒரு மாதம் முடிந்த நாளிலிருந்து அவர் எங்கள் வீட்டில் இல்லாத ஆள்.

அப்பா சட்டங்கள் போட்டார். அப்பா ரெஸ்ரோறண்ட் குசினிக்கும், அம்மா ஒபீஸ் கூட்டுகிற வேலைக்கும், நான் பள்ளிக்கும் போனபிறகு வீட்டில் ஒருவரும் இல்லை என்றுதான் கட்டிடத்தில் எல்லாரும் நினைக்க வேண்டும். பெரியப்பா சப்பாத்து போடக்கூடாது. தண்ணீர் திறக்கக்கூடாது. ஜன்னல் பக்கம் போகக்கூடாது. பெல் அடித்தால் குளியலறைக்குள் போய் நிற்க வேண்டும். வீட்டில் யார் இருந்தாலும் கதவு திறப்பது நான். "உனக்குத்தான் பிரெஞ்சு வாயிலை வரும்," என்பார் அப்பா.

பெரியப்பா கெட்டிக்காரர். இருமல் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு மெத்ரோ வரும்வரை காத்திருப்பார். அது கடக்கும்போது இருமுவார். ரொயிலற் தண்ணீரையும் அப்போதுதான் இழுத்துவிடுவார். மெத்ரோக்காரர் வேலைநிறுத்தம் செய்த நாள் ஒன்றில் நான் வீட்டுக்கு வந்தபோது, முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் முட்டி, தலையணையைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

அந்த இலையுதிர் காலத்தின் ஐப்பசியில் லண்டன் மாமி வந்தா. அப்பாவின் ஒன்றுவிட்ட அக்கா. லண்டனில் பேப்பர்க் கடை ஒன்றில் வேலை. அங்கே ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரோடு பழைய படங்களின் சீடியை இலவசமாகக் கொடுப்பார்களாம். விற்காமல் மிஞ்சிய பேப்பர்களைத் திருப்பி அனுப்ப முதல் சீடியை உருவி எடுத்து வைத்துக்கொள்வா. ஒரு பை நிறைய, மெல்லிய மட்டை உறைக்குள் போட்ட சீடிகளைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினா.

"பிள்ளைக்கு இங்கிலீஷ் படிக்க உதவும்," என்றா.

நான் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன். எல்லாம் கறுப்பு வெள்ளை. பெரியப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாய்த் திருப்பினார். ஐந்தாவதோ ஆறாவதோ உறையைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

"இது... இது நான் பாத்தது," என்றார். "ரவுணிலை. ஞாயிற்றுக்கிழமை காலமைக் காட்சி. எனக்குப் பதினாலு வயசு."

அன்றிலிருந்து அவருடைய பகல் முழுக்க அந்தப் படங்கள்தான். ராக் இசை இங்கிலாந்துக்குள் நுழைந்த புதிதில் எடுத்த பாட்டுப் படங்கள் அவை. கதை எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பொடியன்களும் பெட்டைகளும் ஒரு கோப்பிக்கடையில் கூடுவார்கள். அங்கே நீராவி சீறுகிற பெரிய மெசின் ஒன்று இருக்கும். நகரசபைக் கிழவர் ஒருவர் அந்த இடத்தை மூடப் பார்ப்பார். பிள்ளைகள் ஒரு கச்சேரி வைத்து இடத்தைக் காப்பாற்றுவார்கள். அந்தக் கச்சேரியில், கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஆட்கள் ஒவ்வொருவராய் வந்து இரண்டரை நிமிஷம் பாடிவிட்டுக் காணாமல் போவார்கள். முன்மயிரை எண்ணெய் வைத்துத் தூக்கிவிட்ட பாடகன். ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்ட மூன்று பெண்கள். பிறகு திடீரென்று, வட்டத் தொப்பியும் கோடுபோட்ட இடைச்சட்டையுமாய் ஏழு ஆண்கள். ட்ரம்பெற், க்ளாரினெற், பான்ஜோ, ஆளையே சுற்றிக்கொண்டு கிடக்கும் ஒரு பித்தளைக் குழல்.

"கதையைப் பாக்காதை பிள்ளை. கதை சும்மா," என்பார் பெரியப்பா. "இவங்களுக்காகத்தான் ரிக்கற். இதுதான் ஜாஸ்."

அந்தக் காலைக் காட்சியைப் பார்த்துவிட்டுத்தான் அவர் ட்ரம்பெற் பழகப் போனாராம். பிறகு எழுபதுகளில், எங்கள் ஊரில் பொப் இசை கொடிகட்டிப் பறந்தபோது, ஒரு குழுவில் வாசித்தாராம். பல்லில்லாமல் ட்ரம்பெற் ஊத முடியாது, உதட்டுக்குப் பின்னால் பிடிமானம் வேண்டும் என்று சொன்னார். பல் ஒரு சோதனைச் சாவடியில் போனது. ட்ரம்பெற் எங்கே என்று கேட்டேன்.

"அதுவும் போட்டுது," என்றார். எங்கே, எப்படி என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் இந்தப் பாட்டுப் படங்களை அவர் சத்தமில்லாமல்தான் பார்க்க வேண்டியிருந்தது. எங்கள் ரீவியில் காதுக்கருவி செருகுகிற துளை இல்லை. வீட்டில் இல்லாத ஆள் எப்படிச் சத்தம் வைப்பது? நான் பள்ளியால் வரும்போது, சாரத்தோடு தரையில் சம்மணமிட்டு ரீவிக்கு முன்னால் இருப்பார். திரையில் பாடகன் வாயைத் திறந்து திறந்து மூடுவான். பெரியப்பாவின் வலது கையின் மூன்று விரல்கள் தொடையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ட்ரம்பெற்காரன் கருவியை இறக்கினால் அந்த விரல்களும் ஓயும்.

எனக்கு அந்தப் படங்களைக் கண்டால் பயம். பாட்டுப் படத்தைப் பார்த்து ஏன் பயம் என்று கேட்பீர்கள். கச்சேரிக் காட்சிகளில் பெட்டைகள் கூச்சலிடுவார்கள் அல்லவா, பாடகனைப் பார்த்து? சத்தம் இல்லாமல் அதைப் பாருங்கள். கண் பிதுங்கி, வாய் பிளந்து, இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி இறுக்கிக்கொண்டு வரிசை வரிசையாய் நிற்பார்கள். அதே வருஷம் வைகாசியில் எங்கள் வீட்டுக் கணினியில், ஊர் யுத்தக் காட்சிகளில், வேறு பெண்களின் முகங்களைப் பார்த்திருந்தேன். நான் அறைக்குள் வந்தால் அப்பா உடனே சத்தத்தை நிறுத்திவிடுவார். படத்தை நிறுத்த அவருக்கு நினைவு வராது. பிள்ளை கேட்கக்கூடாது என்று நினைத்தார்கள், பிள்ளை பார்த்துவிட்டது என்று நினைக்கவில்லை. அந்த வாய்களும் இந்த வாய்களும் எனக்குள் ஒன்றாகிவிட்டன. லண்டன் பெட்டைகளும் ஏதோ ஒன்றிலிருந்து தப்ப முடியாமல்தான் கத்துகிறார்கள் என்று நினைத்தேன். அவர்களுக்கு நடுவில் ஒருவன் சிரித்துக்கொண்டு கிற்றார் வாசிப்பது இன்னும் பயமாய் இருந்தது.

கார்த்திகை மாதம் ஒரு புதன்கிழமை. புதன் பின்னேரம் எங்களுக்குப் பள்ளி இல்லை. அப்பாவும் அம்மாவும் வேலையில். நான் சோறு போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டு முடித்துவிட்டுப் பெரியப்பா என்னைக் கூச்சத்தோடு பார்த்தார்.

"பிள்ளை, நீ வீட்டிலை நிக்கிறாய்தானே. ஆக்கள் கேட்டாலும் நீ படம் பாக்கிறாய் எண்டுதானே நினைப்பினம்?"

"ஓம்."

"அப்ப கொஞ்சம் சத்தம் வைப்பமோ?"

நான்தான் றிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன். முதலில் கொஞ்சம். பிறகு அவர் கையால் மேலே, மேலே என்று காட்டினார். வட்டத் தொப்பிக்காரர் ஏழு பேரும் வந்தார்கள். ட்ரம்பெற் எழும்பியது. நண்பர்களே, அந்தச் சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. நல்ல வெயிலில் நனைந்த துணியை உதறினால் தெறிக்குமே, அப்படி ஒரு சத்தம். பெரியப்பா எழும்பிவிட்டார். சாரத்தை மடித்துக் கட்டினார். ஒரு காலை ஊன்றி, இடுப்பைத் திருகி, அந்தக் காலத்து ட்விஸ்ற் ஆடத் தொடங்கினார். பல்லில்லாத வாயால் ட்ரம்பெற்றின் பகுதியை அப்படியே பாடினார். குதிக்கால் தரையில் தும் தும் என்று விழுந்தது. நான் சிரித்தேன். அந்த வருஷத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

கீழேயிருந்து தடியால் இடிக்கும் சத்தம் கேட்டது. றிமோட்டைத் தேடி எடுக்க முதல் படியில் காலடி. பிறகு பெல்.

பெரியப்பா குளியலறைக்குள் போய்விட்டார். நான் ரீவியை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தேன். மூன்றாம் மாடி மனிதர். உயரமானவர். கோபமாய்க்கூட இல்லை, களைத்துப்போன முகம்.

"யார் மேலே குதிக்கிறது?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"நான்தான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"நீ மட்டுமா?"

"ஓம்."

"பள்ளி நாட்களிலும் பகலில் யாரோ நடக்கிறார்கள். எனக்குக் கேட்கிறது."

அவர் கண் என்னைத் தாண்டிப் போனது. மேசையில் இரண்டு சாப்பாட்டுக் கோப்பைகள். ஒன்றில் கறிவேப்பிலையை ஓரமாய் ஒதுக்கி வைத்திருந்தது.

"வீட்டு நிர்வாகத்துக்கு எழுதப்போகிறேன்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

குளியலறைக் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. திறந்தேன். பெரியப்பா திரைக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றார். அவசரத்தில் தோள் பட்டுக் குழாய் திறந்துவிட்டது. பச்சைத் தண்ணீர் தலையிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. கையை நீட்டி அதைப் பூட்டவில்லை, அந்த இடத்தைவிட்டு ஓரடி விலகவுமில்லை. சாரமும் பனியனும் உடம்போடு ஒட்டிக் கிடந்தன. வாய் நடுங்கியது.

"போட்டாரோ?" என்று கேட்டார். சத்தமே இல்லை, உதடுதான் அசைந்தது.

நான் தண்ணீரைப் பூட்டினேன், துவாயைக் கொடுத்தேன். இரக்கம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். ஒரு பெரிய மனிதர் இப்படி நடுங்கினால் நான் யாரிடம் போய் நிற்பது என்ற கோபம். நடந்ததை அப்பா அம்மாவிடம் நாங்கள் இரண்டு பேருமே சொல்லவில்லை.

அதன்பிறகு எனக்கு வயிற்றுவலி தொடங்கியது. வகுப்பில் இருக்கும்போது கீழ்மாடிக்காரர் எழுதிய கடிதம் எங்கே போயிருக்கும் என்று யோசிப்பேன். தபால் பெட்டியைத் திறக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன். தெருவில் பொலிஸ்காரரைக் கண்டால், அவர்கள் என் முகத்தைப் பார்த்தே வீட்டில் ஆள் இருப்பதைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று கடைக்குள் நுழைந்துவிடுவேன். பள்ளித் தாதி இரண்டு தடவை வீட்டுக்கு அனுப்பினா. வீட்டுக்கு அனுப்பினால் இன்னும் மோசம். வீட்டில்தானே பயம் இருந்தது.

கடிதம் மார்கழித் தொடக்கத்தில் வந்தது. வீட்டு நிர்வாகத்தின் உறை. படியிலேயே கிழித்துப் பார்த்தேன். கீழ்மாடிக்காரரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. குசினியில் சுடுதண்ணீர் தருகிற காஸ் மெசினுக்கு வருஷாந்த சோதனை, செவ்வாய்க்கிழமை காலை எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் ஆள் வருவார், வீட்டில் யாராவது இருக்கவும், எல்லா அறைகளுக்கும் போக வசதி செய்து கொடுக்கவும் என்று இருந்தது. சோதனை என்பதற்கு பிரெஞ்சில் கொன்றோல். உங்களுக்குத் தெரியும் அந்தச் சொல். எங்கள் வீடுகளில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: பொலிஸ் வந்து பேப்பர் பார்ப்பது.

எனக்கு எல்லாம் விளங்கியது. ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. அதை இங்கே தெளிவாய் எழுதிவைக்கிறேன்.

அப்பாவுக்கு லீவு நாள். நாலு பேரும் மேசையில் இருந்தோம்.

"என்ன பிள்ளை கடிதம்?"

"கொன்றோல் வருகினமாம்," என்றேன். "செவ்வாய்க்கிழமை காலமை."

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "ஆர்? பொலிஸோ?"

இல்லை அப்பா, காஸ் மெசின் பார்க்கிற ஆள் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் விரல்கள் மேசையில் அசையாமல் கிடந்தன. இந்த ஆள் வீட்டில் இல்லாவிட்டால் எனக்கு வயிறு வலிக்காது என்று நினைத்தேன்.

"தெரியேல்லை," என்றேன். "எல்லா அறையும் பாப்பினமாம்."

அவ்வளவுதான் நான் சொன்னது.

"கடிதத்தைத் தெரிஞ்ச ஆரிட்டையாவது காட்டுவமே," என்றா அம்மா.

"காட்டி? ஊர் முழுக்கச் சொல்லச் சொல்லுறியோ?" அப்பா சீறினார். "அண்ணையைச் செவ்ரானுக்கு அனுப்புவம். என்ரை கூட்டாளி வீட்டிலை நாலு நாள் நிக்கட்டும்."

"திங்கள் பின்னேரம் ஆரும் காரிலை கொண்டுபோய் விட்டா நல்லம்."

"ஆருக்கு நேரம் இருக்கு? செவ்வாய் விடிய நான் வேலைக்குப் போற வழியிலை ரெயினிலை ஏத்திவிடுறன். அரை மணித்தியாலப் பயணம்."

பெரியப்பா எழும்பிப் போய்த் தன் உடுப்புகளை மடிக்கத் தொடங்கினார்.

செவ்வாய்க்கிழமை காலை அப்பாவின் பழைய குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் படி இறங்கினார். இரண்டரை மாதத்துக்குப் பிறகு சப்பாத்து. நடை பழகாத பிள்ளைபோல் ஒவ்வொரு படியாய்க் கால் வைத்தார். அம்மா வேலைக்குப் போகவில்லை. கதைக்க ஆள் வேண்டும் என்று என்னையும் மறித்துவிட்டா.

ஒன்பதரைக்குப் பெல் அடித்தது. அம்மா சுவாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றா. நான் கதவைத் திறந்தேன். நீல உடுப்பு, கையில் கருவிப் பெட்டி, காதில் ஒரு தோடு. இளம் பையன்தான். சீழ்க்கையடித்துக்கொண்டே குசினிக்குள் போனான். மெசினின் மூடியைக் கழற்றினான், நெருப்பைப் பார்த்தான், ஜன்னல் ஓரக் காற்றுத் துவாரங்களைப் பார்த்தான், மூடியைப் பூட்டினான், ஒரு ஸ்ரிக்கர் ஒட்டினான். பத்து நிமிஷம்கூட இல்லை.

"ஆரிது?" என்று அம்மா கேட்டா.

"காஸ் பாக்க வந்தவர்."

"இதுதானோ கொன்றோல்?"

"ஓம்."

அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் சரியாய்ச் சொல்ல முடியாது. அவ கண்டுபிடித்தாவா, இல்லை பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு விளங்கவில்லை என்று நினைத்தாவா தெரியாது. அந்தப் பையனுக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தா. அவன் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றா.

பதினொரு மணிக்கு ரெலிபோன். செவ்ரான் கூட்டாளி. "அண்ணை இன்னும் வரேல்லையே," என்றார்.

கார் து நோர் ஸ்ரேசனில், ரெயின் பிளாற்போமுக்கு இறங்குகிற இடத்தில் பொலிஸ் பேப்பர் கேட்டிருக்கிறது. அப்பா அவரை வாசலில் விட்டுவிட்டு, வேலைக்குப் பிந்திவிடும் என்று ஓடிப்போயிருந்தார். பெரியப்பாவுக்குப் பிரெஞ்சும் தெரியாது, பொய்யும் வராது.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஆட்களைத் திருப்பி அனுப்ப முதல் வைத்திருக்கிற இடம் ஒன்றில் வைத்திருந்தார்கள். அந்த வருஷம் கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பற்றி எங்கள் வீடுகளில் எப்படிக் கதைத்தார்கள் என்று நினைவிருக்கிறதா? தாழ்ந்த குரலில், பாதி வசனத்தோடு. இறங்கினவர் வீடு போய்ச் சேரவில்லையாம் என்று ஒருவர் சொல்வார், மற்றவர் என் பக்கம் கண்ணைக் காட்டுவார். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்தார். வந்தால் சாப்பிட மாட்டார். தலைக்கு மேலே விமானம் ஏறிக்கொண்டே இருக்கிறது, கதைக்கிறது கேட்கவில்லை என்று ஒருநாள் சொன்னார். அங்கே ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடுவார்களாம். எங்கள் பெயர்களை அவர்கள் உச்சரிக்கிற விதத்தில், யாருடையது என்று ஒருவருக்கும் பிடிபடாது. ஒவ்வொரு கூப்பிடலுக்கும் நாலைந்து தமிழர் எழும்பி நிற்பார்களாம்.

ஒருநாள் விமானத்தின் வாசல்வரை கொண்டுபோய்விட்டார்கள். பெரியப்பா ஏற மறுத்து நிலத்தில் இருந்துவிட்டார், திருப்பிக் கொண்டுவந்தார்கள் என்று செய்தி வந்தது. அன்று பின்னேரம் நான் அந்தச் சீடிகள் எல்லாவற்றையும் பையோடு முற்றத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். ஏன் போட்டேன்? அவை ரீவிக்குக் கீழே இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. வேறு காரணம் எனக்குத் தெரியாது.

ஒரு மாதம் கழித்து அவரை வெளியே விட்டார்கள். பயணப் பத்திரம் வந்து சேரவில்லை, அதற்குமேல் வைத்திருக்க முடியாது என்று காரணம் சொன்னார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"எப்பிடி அத்தான் அங்கை இருந்தனீங்கள்?" என்று அம்மா கேட்டா.

"பயம்தான். ஒவ்வொரு நாளும் பயம்தான்," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா பகலிலை நான் அந்தப் படத்துப் பாட்டெல்லாம் பாடினனான். ஒரு கொங்கோப் பொடியன் மேசையிலை தாளம் போட்டான். அங்கை ஒருத்தரும் என்னை உஸ் எண்டு சொல்லேல்லை," என்றார்.

அப்பா எழும்பிக் குசினிக்குள் போனார். நீண்ட நேரம் வரவில்லை.

பெரியப்பா எங்களோடு திரும்ப இருக்கவில்லை. வில்லியே லே பெல்லில் பழைய இசைக்குழு நண்பர் ஒருவர் தன் வீட்டில் அறை கொடுத்தார். கேஸைத் திரும்பத் திறந்தார்கள். ஐந்து வருஷம் இழுத்து, கடைசியில் வதிவிட கார்ட் கிடைத்தது. பல் கட்டினார். பள்ளிக்கூடக் குசினி ஒன்றில் வேலை செய்து பென்சன் எடுத்தார். கதை நல்லபடியாய் முடிந்துவிட்டது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஆனால் அப்பா அவர் வீட்டுக்குத் தனியே போவதை விட்டுவிட்டார். பிறந்தநாள், கலியாணம் என்றால் எங்களோடு வருவார். வந்தால் மறு மூலையில் இருப்பார். ஆட்டிறைச்சிக் கறி சமைத்தால் அம்மாவிடம் கொடுத்து அனுப்புவார். ஒரு கலியாண வீட்டில் இரண்டு கிளாஸ் போன பிறகு, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவருக்குச் சொன்னது என் காதில் விழுந்தது: "என்ரை அண்ணையை வாசலிலை விட்டிட்டு ஓடினவன் நான்."

நான் கேட்டேன். கேட்டுவிட்டு, ஐஸ்கிறீம் எடுக்கப் போனேன்.

போன பங்குனியில் ஒருநாள் மகள் நித்திரையான நேரம் இணையத்தில் அந்தப் படத்தைத் தேடிப் பிடித்தேன். பெயர் நினைவில்லை. வட்டத் தொப்பி, கோப்பிக்கடை, நகரசபைக் கிழவர் என்று தேடித் தேடி இரண்டு கிழமை ஆனது. சத்தத்தோடு பார்த்தேன். அந்தப் பெட்டைகள் கூச்சலிடும் காட்சி வந்தது. அவர்களுடைய குரல்களை முதல் தடவை கேட்டேன். அவ்வளவும் சந்தோஷம். ஒருத்தி சிரிப்பு அடக்க முடியாமல் விக்குகிறாள். நான் எழும்பிப் போய் மகளின் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வில்லியே லே பெல்லுக்குப் போனேன். பெரியப்பாவுக்கு இப்போது எழுபத்தாறு. படத்தைப் போட்டேன். "எட, இதை எங்கை பிடிச்சனி!" என்று கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். ஏழு பேரும் வாசித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். பிறகு நிறுத்திவிட்டுச் சொன்னேன். கடிதத்தில் என்ன இருந்தது, எனக்கு என்ன விளங்கியது, அப்பா கேட்டபோது நான் என்ன சொன்னேன், ஏன் சொன்னேன். என் குரல் பதின்மூன்று வயதுக் குரலாய் மாறிவிட்டதை நானே கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"விளங்கினதோ உனக்கு?"

"ஓம் பெரியப்பா. எல்லாம் விளங்கினது."

"ஏன் பிள்ளை என்னட்டைச் சொல்லேல்லை? பயமாயிருக்கு, போங்கோ எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தா நானே போயிருப்பனே."

பெரியப்பா எழும்பிப் போய் ஜன்னலைத் திறந்தார். கீழே பிள்ளைகள் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். முதுகைக் காட்டிக்கொண்டே நின்றார். போய்விடட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன்.

"கொப்பருக்குத் தெரியுமோ?" என்றார் திரும்பாமல்.

"தெரியாது."

"அப்ப இவ்வளவு காலமும் அவன் தான்தான் செய்தது எண்டு..." வசனத்தை முடிக்கவில்லை. திரும்பினார். அந்த முகத்தில் கோபம் இருந்தது. எனக்காக அதை மறைக்க அவர் முயலவில்லை. "எனக்குச் சொன்னது காணும். இண்டைக்கே போய் அவனுக்குச் சொல்லு."

ரெயினில் திரும்பும்போது, ஒவ்வொரு ஸ்ரேசனிலும் இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். அப்பா கதிரையில் இருந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தா. நான் நின்றபடியே சொன்னேன். இருந்து சொல்ல என்னால் முடியவில்லை. அப்பா ஒரு தடவையும் இடைமறிக்கவில்லை. முடிந்ததும் நகவெட்டியை மூடி மேசையில் வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன், முப்பது வயதில்.

"பொலிஸோ எண்டு நான்தான் கேட்டனான்," என்றார். "சின்னப் பிள்ளையின்ரை வாயைப் பாத்துக்கொண்டு மூண்டு பேர் இருந்தம்."

பிறகு எழும்பி, சப்பாத்தை எடுத்தார். குனிந்து நாடா கட்ட அவருக்கு இப்போது நேரம் எடுக்கும். உதவப் போனேன், கையைத் தட்டிவிட்டார். குளிர்ச்சட்டையைப் போட்டார், ரெயின் கார்ட் இருக்கிறதா என்று பொக்கற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"எங்கை அப்பா போறியள்?"

"அண்ணையிட்டைப் போட்டு வாறன்," என்றார்.

"நானும் வரட்டோ?"

"வேண்டாம். நான் தனியப் போறன்."